எரியாத மஞ்சள் விளக்கு

ஹிமி
1984 செப்டம்பர் 20

சுமியே,

நீ செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கயிற்றை இழுக்கிறவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டாய். அப்புறம், யாருமே கயிற்றை இழுக்கவில்லை என்று விருந்தும் வைத்திருக்கிறாய்.

நீ அனுப்பிய கீரை ஊறுகாய் வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த கம்பெனிச் செய்தித்தாளும் வந்தது. ஊறுகாய் நன்றாகத்தான் இருந்தது. செய்தித்தாளைப் பிரித்த பிறகு ஜாடியை மூடி வைத்துவிட்டேன். முதல் பக்கத்தில் தலைவர் நாற்காலியில் நீ, பக்கத்தில் அந்த ஆலோசகர் ஹிதாகா, பின்னால் இரண்டாம் லைன் ஆட்கள். எல்லோர் கையிலும் விசேஷ நாளில் சமைக்கும் சிவப்புப் பயற்றுச் சோறு. தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு. 'ஆகஸ்ட் முழுவதும் எந்த லைனிலும் ஒருமுறைகூட எரியவில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

முப்பத்தொரு வருஷம் அந்த ஆலையை நடத்தியவன் நான். அந்த விளக்கு எரியாத ஷிஃப்டை நான் பார்த்ததில்லை. பித்தளை ஒரு நாள் கெட்டியாக வரும், மறுநாள் இளக்கமாக வரும். வெட்டுகிற டூல் தேயும். ரப்பர் வளையம் மழைக்காலத்தில் உப்பும். மனுஷனுக்குத் தூக்கம் வரும். இத்தனையும் ஒரு மாதம் முழுக்க நடக்காமல் இருந்ததா? இல்லை, நடந்தது, கை மட்டும் மேலே போகவில்லையா? எது என்று எனக்குத் தெரியும்.

கயிற்றை மாட்டியவன் நான். ஒரு பத்திரிகையில் படம் பார்த்து, மீன் வலைக்காரனிடம் கயிறு வாங்கி நானே கட்டினேன். ஆனால் பெரிய விஷயம் கயிறு அல்ல. வேலையில் தப்பைப் பார்த்து யார் இழுத்தாலும் லைன் நிற்கும், விளக்கு எரியும், போர்மேன் ஓடிவருவான். ஓடிவந்தவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை 'நன்றி'யாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் 'என்ன ஆச்சு'. நன்றி சொல்லும்வரை விளக்கை அணைக்கக் கூடாது. ஷிராகி போர்மேன் ஆன புதிதில் என்னிடம் கேட்டான்: "பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னாலும் கணக்குல வருமா சார்?" வரும், ஆனால் சத்தமாகச் சொல் என்றேன்.

இந்த வருஷக் கோடை வாழ்த்து அட்டையில் அதே ஷிராகி எழுதியிருக்கிறான், இப்போது முதல் வார்த்தை 'எத்தனை நிமிஷம்?' என்று. நின்ற நிமிஷங்களை லைன் வாரியாகக் கேன்டீன் பலகையில் எழுதுகிறீர்களாம். குறைவாக நின்ற லைனுக்கு வருஷக் கடைசியில் கூடுதல் போனஸாம்.

நாம் செய்வது பேனா மூடி அல்ல, சுமியே. குளியல் ஹீட்டரில் தீ அணைந்தால் கேஸை மூட வேண்டிய வால்வு. அது மூடாவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதப்போவதில்லை.

பலகையை எடு. போனஸைக் கயிற்றிலிருந்து பிரி. பதில் எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே, நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது.

வசந்த காலத்தில் எனக்கு ஓய்வு கொடுத்து வழியனுப்பியபோது நீ கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்னும் பெட்டியோடுதான் இருக்கிறது.

கிசாபுரோ


ஒகாயா
1984 செப்டம்பர் 27

அண்ணா,

ஆலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டிய ஒன்றைத் தவறிப்போய் எனக்கு அனுப்பிவிட்டீர்களோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. உடம்பு எப்படி என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். நன்றாக இருக்கிறேன், முழங்கால்தான் படுத்துகிறது.

நீங்கள் மறந்துவிட்ட சிலவற்றை நினைவுபடுத்துகிறேன். என் வீட்டுக்காரர் போய், அவருடைய தலைவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து மூன்று வருஷமாகிறது. அந்தக் குளிர்காலத்தில் நம் கிடங்கில் நிற்க இடம் இல்லை. பதினேழு மாதிரி வால்வுகள். எது விற்கும், எது தூங்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்களைக் கேட்டால் "எல்லாம் ஒருநாள் போகும், விடு" என்பீர்கள். வங்கிக்காரர் தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். அப்போதுதான் ஹிதாகாவைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதில் எது உங்களுக்குச் சோறு போடுகிறது?" என்பது. மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, நீங்கள் உட்பட.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஆகிற செலவை, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மிஷினை மாற்றுகிற நேரத்தோடு சேர்த்து, தனித்தனியாகப் பிரித்து வைத்தார். நான்கு சம்பாதித்தன. பதின்மூன்று அந்த நான்கையும் தின்றுகொண்டிருந்தன. பதின்மூன்றையும் நிறுத்தினேன். நீங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கூட்டத்திலிருந்து எழுந்து போனீர்கள். அடுத்த வருஷம் நம் தொழிலாளர்கள் நூற்று நாற்பது குடும்பத்துக்கும் போனஸ் கொடுத்தேன். அதற்குமுன் கொடுத்தது எப்போது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?

லைன் நிற்கிற நிமிஷங்களைப் பலகையில் எழுதச் சொன்னதும் அதே ஆள்தான். அதே அளவுகோலால்தான் இதையும் அளந்தார். நம்மிடம் வாங்கும் ஹீட்டர் கம்பெனி டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு லாரி தாமதமானாலும் இன்னொருவரிடம் போய்விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் போனால் நமக்கு வேறு யாரும் இல்லை. நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்குப் பயம். அதை எண்ணுவது தப்பா?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். விளக்கு எரியவில்லை என்றால் வேலை நன்றாக நடக்கிறது என்று உங்களால் ஏன் நினைக்க முடியவில்லை? நீங்கள் இல்லாமலே நன்றாக நடக்கிறது என்பதாலா?

கடிகாரத்தைப் பிரியுங்கள். நல்ல விலை கொடுத்து வாங்கியது.

சுமியே


ஹிமி
1984 அக்டோபர் 9

சுமியே,

கேட்டதற்குப் பதில். ஆமாம், எனக்குக் கோபம் உண்டு. வழியனுப்பு விழாவில் என்னைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் நான் செத்துப்போன மாதிரி பேசினார்கள். ஆனால் அந்தக் கோபம் வேறு, இது வேறு.

பதின்மூன்று மாதிரிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கிடங்கில் கிடக்கும் வால்வை எண்ணினால் அது பயப்படாது. எண்ணுவதற்குமுன் எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கும். மனுஷனை எண்ணினால் அவன் மாறிவிடுவான். உன் ஹிதாகாவுக்கு இரண்டும் ஒன்று.

இப்போது எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

என் மகள் நாயோ போன மாதம் குளியலறைக்குப் புது ஹீட்டர் வாங்கினாள். பழையது உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது. புதியதில் இருப்பதும் நம் வால்வுதான். அடியில் நம் முத்திரை, ஜூலை மாதம். முந்தாநாள் சாயங்காலம் கடலிலிருந்து பலத்த காற்று. நான் முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். புகைக்குழாய் வழியாகக் காற்று இறங்கித் தீ 'பப்' என்று அணைந்தது.

அது அணைந்தால் பயப்பட வேண்டியதில்லை. அதற்காகத்தானே நம் வால்வு இருக்கிறது. சோப்பைக் கீழே வைப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஆயிரமாயிரம் தடவை கேட்ட சத்தம். சோப்பை வைத்தேன். வரவில்லை. முதுகு தேய்க்கும் துணியைப் பிழிந்தேன். வரவில்லை. ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டேன், அந்த இரைச்சலில் கேட்காமல் போயிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கேஸ் வாடை மூக்கில் ஏறியது.

கேஸ் குழாயைத் திருகி மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எழுபத்தொரு வயதுக் கிழவன், ஒட்டுத் துணி இல்லாமல், ஈர உடம்போடு, காற்றில் நின்றேன். பக்கத்து வீட்டம்மாள் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டுக் குனிந்து வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன்.

வீட்டுக்கு மூத்தவன் என்பதால் முதல் குளியல் எனக்கு. இரண்டாவது நாயோ. காற்று கொஞ்சம் தாமதித்து வீசியிருந்தால் உள்ளே இருந்திருப்பது அவள். அப்படி ஒரு சத்தம் வர வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது.

வால்வைக் கழற்றிப் பார்த்தேன். கேஸை அடைக்கும் தட்டு போய் உட்காரும் பித்தளை விளிம்பில் ஒரு பிசிறு. நகத்தால் தடவினால்தான் தெரியும். தட்டு அதன்மேல் ஏறிச் சாய்ந்து நின்றுவிட்டது. தேய்ந்த டூலால் வெட்டினால்தான் அப்படிப் பிசிறு வரும். தேய்ந்த டூலை மாற்ற வேண்டுமென்றால் லைனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் விளக்கு எரியும். எரிந்தால் பலகையில் ஏறும். ஆக, ஷிஃப்ட் முடியும்வரை அதே டூலால் ஓட்டுகிறார்கள். எனக்கு இங்கே உட்கார்ந்தபடியே தெரிகிறது, உனக்கு அங்கே நின்றும் தெரியவில்லை.

வால்வைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காயவைத்த மீனும் இருக்கிறது. மீனை முதலில் பிரிக்காதே.

கிசாபுரோ


ஒகாயா
1984 அக்டோபர் 17

அண்ணா,

நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? அந்த ஹீட்டரைத் தொட வேண்டாம் என்று நாயோவிடம் சொல்லுங்கள். பொதுக் குளியலறைக்குப் போகட்டும்.

வால்வை எடுத்துக்கொண்டு போய்த் தரப் பிரிவு முரோடாவிடம் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூட்டத்தில் வைத்தார். பிசிறு இருப்பது உண்மை, லட்சத்தில் ஒன்று அப்படி வரலாம், அளவு கணக்கில் பார்த்தால் எல்லைக்குள்தான் இருக்கிறது என்றார். ஹிதாகா நியாயமாகத்தான் கேட்டார், ஜூலையில் இப்படி எத்தனை வந்தது, லைனில் யாராவது சொன்னார்களா என்று. முரோடா பலகையில் எழுதிய கணக்கைக் காட்டினார். ஜூலையில் இரண்டாம் லைனில் விளக்கே எரியவில்லை. ஆக, ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் தலையசைத்தார்கள். நானும்.

அசைத்துக்கொண்டே நினைத்தேன், யாரும் சொல்லவில்லை என்பதைத்தானே எதுவும் நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக வைக்கிறோம் என்று. வாயைத் திறந்தால் டிசம்பர் ஒப்பந்தம் முன்னால் வந்து நிற்கிறது. 'நம் வால்வில் சந்தேகம்' என்று அந்த ஹீட்டர் கம்பெனிக்கு ஒரு வார்த்தை போனால் நூற்று நாற்பது வீட்டில் அடுப்பு எரியாது. ஒரே ஒரு வால்வுக்காக அதைச் செய்யச் சொல்கிறீர்களா? ஒன்றுதான் என்று யாராவது எனக்கு உறுதியாகச் சொல்லுங்களேன்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதீர்கள். என் வீட்டு ஹீட்டரிலும் நம் வால்வுதான், இந்த வாரம் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குளிக்கிறேன். ஏரிக் காற்று எலும்பில் குத்துகிறது. தொட்டியில் உட்கார்ந்து 'டக்' என்ற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கிறேன். தீ அணையவே இல்லை, அப்புறம் எங்கிருந்து சத்தம் வரும்? இருந்தும் கேட்கிறேன்.

மீன் நன்றாக இருந்தது.

சுமியே


ஹிமி
1984 அக்டோபர் 22

சுமியே,

ஒன்றா, ஆயிரமா என்று எனக்கும் தெரியாது. முரோடாவுக்கும் தெரியாது. தெரிய வேண்டிய வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு வால்வைவிடப் பெரிய பயம். ஒரு கெட்ட வால்வு ஒரு வீட்டுக்குத்தான் போகும். கெட்டது என்று சொல்ல யாரும் இல்லாத ஆலையிலிருந்து எல்லா வீட்டுக்கும் போகும்.

இனி கூட்டத்தில் கேட்காதே. கூட்டத்தில் தலைகள் ஒரு பக்கமாகத்தான் அசையும். நீயே பார். ஒரு கெட்ட வால்வுக் கூட்டை, அந்தப் பித்தளை உடலை, எடு. அதன் விளிம்பு கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரிகிற அளவு கெட்டுப்போயிருக்கட்டும். தேநீர் இடைவேளை முடிந்ததும் இரண்டாம் லைனின் தொடக்கத்தில் வை. யாரிடமும் சொல்லாதே. ஹிதாகாவிடம் சொல்லாதே, ஷிராகியிடமும் சொல்லாதே. நீல வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதோடு கூடவே நட. யார் கை எங்கே நிற்கிறது என்று பார்.

யாராவது கயிற்றை இழுத்தால் நான் தோற்றேன். கடிகாரத்தைப் பிரித்து மாட்டிவிடுகிறேன். இனிமேல் உனக்கு ஊறுகாய்க்கு நன்றி மட்டும்தான் எழுதுவேன்.

சீக்கிரம் செய். நம் வால்வுகள் போகிற ஹொக்கைதோவில் முதல் பனி விழுந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். நீயும் நானும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம். அங்கே ஜன்னல் இடுக்கில் காகிதம் ஒட்டி அடைக்கிற நேரம் இது.

கிசாபுரோ


ஒகாயா
1984 நவம்பர் 5

அண்ணா,

செய்தேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சந்தோஷப்படாதீர்கள்.

கூட்டின் விளிம்பை அரத்தால் நானே கெடுத்தேன். விரல் வைத்தால் ரம்பம் மாதிரி இருந்தது. அதை லைனில் வைத்துவிட்டுக் கூடவே நடந்தேன்.

வளையம் மாட்டும் இடத்தில் தோமோயே. நீங்கள் வேலைக்குச் சேர்த்த பெண்தான், இப்போது பேத்தி இருக்கிறாள். கூட்டைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் விளிம்பைச் சுற்றிப் போய் ஓரிடத்தில் நின்றது. அண்ணா, நின்றதை நான் பார்த்தேன். தலையைத் தூக்கிக் கயிற்றைப் பார்த்தாள். கேன்டீன் பலகை இருக்கும் பக்கம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து வளையத்தை மாட்டித் தள்ளிவிட்டாள்.

கடைசியில் சோதனை மேசை. அங்கே இவாவோ. காற்றடைத்துப் பார்த்தார். மீட்டர் முள் சரசரவென்று இறங்கியது. கண்ணாடியைத் தட்டினார். மறுபடி அடைத்தார், மறுபடி தட்டினார். மூன்றாம் தடவை முள் எப்படியோ கோட்டில் தொங்கிக்கொண்டு நின்றது. முத்திரை குத்தினார். பெட்டியில் போய்விட்டது.

பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்து தோமோயே கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"தோமோயே, அந்தக் கூடு. கையில பட்டுச்சுல்ல?"

"பட்டுச்சும்மா."

"ஏன் இழுக்கல?"

கொஞ்ச நேரம் சோப்பைத் தேய்த்தாள். "எங்க லைன்ல ரெண்டு பொண்ணுங்களுக்கு ஜனவரில கல்யாணம். அந்தப் போனஸை நம்பித்தான் இருக்காங்க. நான் இழுத்தா, ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. சொல்ல மாட்டாங்கங்கிறதுதாம்மா கஷ்டம்."

துண்டை எடுத்து நீட்டினேன்.

"அதுவும் நீங்க வேற கூடவே வந்தீங்க. தலைவரம்மா வந்து நிக்கிறப்ப லைனை நிறுத்தினா ஷிராகி அண்ணன் மூஞ்சில கரி பூசின மாதிரி ஆயிடுமே. சோதனை மேசைல பிடிச்சுக்குவாங்கன்னு விட்டுட்டேன்."

இவாவோவையும் கேட்டேன். தோமோயே கை தாண்டி வந்திருந்தால் சரியாகத்தான் இருக்கும், மீட்டர்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தாராம். ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே அந்த வால்வைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், அண்ணா. ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

போகும்போது தோமோயே திரும்பி வந்தாள். "கோபிச்சுக்காதீங்கம்மா, ஒண்ணு சொல்றேன். ஊழியர் விலைல நாங்களும் அதே ஹீட்டர்தான் வாங்கியிருக்கோம். நான் ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான் குளிக்கிறேன். எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான்."

அன்றைக்கே அடுத்த ஷிஃப்ட் தொடங்குவதற்குமுன் கயிற்றுக்குக் கீழே போய் நின்றேன். நானே இழுத்துவிடலாம் என்று. மணி அடித்தது. லைன் நகரத் தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகையில் இரண்டாம் லைன் முதலிடத்தில் இருந்தது. இழுத்தால் அந்த இரண்டு பெண்கள், ஒப்பந்தம், வங்கி, உங்கள் முகம், எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தது. என் ஆலை, என் கயிறு. கை மேலே போகவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்கிற மாதிரி செய்துவிட்டு நடந்துவிட்டேன்.

நாளை மறுநாள் வங்கிக்காரர்கள் வருகிறார்கள். ஒன்பதாம் தேதி ஹொக்கைதோவுக்கு அடுத்த லாரி.

என்ன செய்வது என்று எழுதுங்கள். நீங்கள் சொன்னால் செய்வேன் என்று இப்போது சத்தியம் பண்ண முடியவில்லை.

சுமியே


ஹிமி
1984 நவம்பர் 7, விரைவுத் தபால்

சுமியே,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்துவிட்டு, பேச மாட்டேன் என்று சொன்ன தொலைபேசியைக் கையில் எடுத்தேன். உன் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நீ குளியலறையில் இருக்கிறாயோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதன்பின் ஆலை எண்ணை நாயோதான் சுழற்றிக் கொடுத்தாள். தலைவரம்மா வங்கிக்காரர்களோடு கூட்டத்தில் இருக்கிறார், முடிந்ததும் பேசச் சொல்கிறேன் என்று ஆலையில் தொலைபேசியை எடுத்த பெண் சொன்னாள். உயிரோடு இருக்கிறாய். அது போதும் என்று வைத்தேன். மதியம் தாண்டியும் நீ கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று புரிகிறது. அதனால் எழுதுகிறேன், நீ குறுக்கே பேச முடியாதபடி.

வால்வைச் செய்கிறவர்கள் எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கிறார்கள். வாங்கியவர்கள் மூடி வைத்துக் குளிக்கிறார்கள். இதற்குமேல் முரோடா எந்த எல்லையை அளக்கப்போகிறார்?

ஒப்பந்தம் போகலாம். போகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சேதி நம் வாயிலிருந்து போனால் அது ஒரு கெட்ட செய்தி. ஒரு வீட்டுக் குளியலறையிலிருந்து போனால் அதற்குப் பெயர் வேறு. அதற்கப்புறம் நூற்று நாற்பது குடும்பத்தையும் உன்னால் காப்பாற்ற முடியாது, யாராலும் முடியாது.

உன் கை மேலே போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். தோமோயேவின் கையும் போகவில்லை. இருவரையும் பிடித்து நிறுத்தியது ஒன்றுதான், அந்தப் பலகை. அதை மாட்டியது நீ, ஆகவே கழற்ற வேண்டியதும் நீ.

நாளை நடக்க வேண்டியவை:

சுமியே, நீ. ஆலைக்குப் போனதும் யாரிடமும் கலந்து பேசாமல் ஹீட்டர் கம்பெனித் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிடு. ஏப்ரலில் பலகை மாட்டிய நாள் முதல் போன வால்வுகள் அத்தனையிலும் சந்தேகம் என்று சொல். வாங்கிய வீடுகளுக்கு இன்றே சொல்லுங்கள், வானொலியில் சொல்லுங்கள், செலவு எங்களுடையது என்று சொல். பிறகு அழுதுகொள்.

முரோடா. ஒன்பதாம் தேதி லாரியை நிறுத்தி, ஏற்றியதை இறக்க வேண்டும். கிடங்கில் இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து விளிம்பை விரலால் தடவ வேண்டும். அவரே, தன் விரலால்.

ஷிராகி. டூல் தேய்ந்தால் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் பரவாயில்லை, முதல் வார்த்தையைப் பழையபடி 'நன்றி' என்று சொல்ல வேண்டும்.

ஹிதாகா. அவரை அனுப்பிவிடாதே. எண்ணத் தெரிந்தவர், அது சின்ன விஷயமில்லை. நின்ற நிமிஷங்களை எண்ணுவதை விடட்டும். விளக்கு எரிந்ததில் எத்தனை காரணங்களைக் கண்டுபிடித்தோம், அவற்றில் எத்தனை திரும்ப வரவில்லை என்று எண்ணட்டும். ஒரு நாள் முழுக்க எந்த லைனில் விளக்கு எரியவில்லையோ, அன்று சாயங்காலம் அந்த லைனுக்குப் போய் ஏன் என்று கேட்கட்டும். போனஸை எல்லா லைனுக்கும் ஒன்றாக்கச் சொல். இருந்தால் எல்லோருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. பதின்மூன்று மாதிரிகளைப் பற்றி அவர் என்னிடம் பேசக் கூடாது.

தோமோயே. அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. இரண்டாம் லைன் ஆட்கள் முன்னால் நீ அவளுக்குக் குனிந்து வணங்க வேண்டும்.

மறுபடி நீ. தொலைபேசியை வைத்ததும் இரண்டாம் லைனுக்குப் போ. லைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும். கயிற்றை இழு. காலரைத் தொடாதே.

நான். நாளை முதல் ரயிலில் கிளம்புகிறேன். மதியத்துக்குமேல் ஒகாயாவில் இருப்பேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் காலையிலேயே வந்துவிடும், அதனால் எனக்காகக் காத்திருக்காதே. நீ இழுத்ததும் யார் ஓடிவருவார்கள், யார் முதல் வார்த்தை சொல்வார்கள் என்று தெரியாது. தலைவரே இழுத்தால் யாருக்கும் வார்த்தை வராமல் போகலாம். வராவிட்டால் விளக்கை அணைக்க விடாதே, எரியட்டும். என் கால் ஓடாது, வாசலிலிருந்து நடந்துதான் வர வேண்டும். வந்து நான் சொல்கிறேன்.

கிசாபுரோ